சிகிச்சைக்குப் பின் தொடரும் சோர்வும் உட்கார்ந்திருக்கும் நேரமும்

புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து பல மாதங்கள் ஆன பின்னும் சிலரை ஒரு சோர்வு விடாமல் தொடர்கிறது. இரவு முழுவதும் நன்றாகத் தூங்கினாலும் அது தீர்வதில்லை. செய்த வேலையின் அளவுக்கும் அதற்கும் தொடர்பும் இருப்பதில்லை. சோர்ந்தவர் படுத்து ஓய்வெடுக்கட்டும் என்று வீட்டார் அக்கறையோடு நினைப்பது இயல்பே. ஆனால் இந்தச் சோர்வை நீண்ட ஓய்வு தணிப்பதில்லை. பெரும்பாலும் வளர்க்கவே செய்கிறது.

அசையாதிருப்பது உடலை எவ்வளவு விரைவில் தளர்த்தும் என்பதை அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 1966-இல் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான 5 இளைஞர்கள் 3 வாரங்கள் படுக்கையிலேயே இருந்தபோது, கடும் உழைப்பின்போது உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கு மேல் குறைந்துபோனது. அதே ஐவரை 30 ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை பறித்ததே அதிகம் என்று தெரியவந்தது. புற்றுநோயாளிக்கு இதனுடன் கீமோதெரபி உண்டாக்கும் இரத்தசோகையும் தசை இழப்பும், சில மருந்துகளால் இதயத் தசைக்கு நேரும் பாதிப்பும் சேர்ந்துகொள்ளக்கூடும். மாடிப்படி ஏற ஒருவருடைய உச்சத் திறனில் 40 சதவீதம் போதுமானதாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திறன் 100-இலிருந்து 60 ஆகச் சுருங்கினால், அதே படிகள் மீதமுள்ள திறனில் மூன்றில் இரண்டு பங்கைக் கேட்கும். அவர் மூச்சிரைத்து உட்காருகிறார். உட்கார உட்காரத் திறன் மேலும் சுருங்குகிறது.

உடற்பயிற்சி செய்யாமலிருப்பதும் நெடுநேரம் உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல. காலையில் அரை மணி நேரம் நடந்தவரும் மீதிப் பகல் முழுவதும் நாற்காலியில் கழிக்கலாம். தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள பெரிய தசைகள் சுருங்கும்போது இன்சுலின் உதவியின்றியே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை உள்ளிழுத்துக்கொள்கின்றன. கொழுப்பைச் சிதைக்கும் ஒரு நொதியும் அங்கே சுறுசுறுப்பாக இயங்குகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் இவ்விரண்டு வேலைகளும் மந்தமாகிவிடுகின்றன. எழுந்து சில நிமிடங்கள் நடந்தாலே, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையின் அளவு குறைகிறது.

வாழ்க்கைத் தரத்தை அளப்பதற்கும் உரிய வழிகள் உண்டு. புற்றுநோய் ஆய்வு, சிகிச்சைக்கான ஐரோப்பிய அமைப்பு உருவாக்கிய 30 கேள்விகள் கொண்ட படிவத்தின் தொடக்கத்திலேயே, கனமான பையைத் தூக்கச் சிரமமா, பகலில் படுக்கையிலோ நாற்காலியிலோ இருக்க வேண்டியிருக்கிறதா என்ற கேள்விகள் வருகின்றன. அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் இத்தகைய அளவீடுகளில் பின்தங்குவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆயினும் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவது சரியல்ல என்பது என் கருத்து. சோர்ந்தவரே அதிகம் உட்காருவார் என்பதால் எது காரணம், எது விளைவு என்று பிரித்தறிய முடியாது.

ஆகவே, பங்கேற்பாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்யப்படும் சோதனைகளே கூடுதல் நம்பிக்கைக்குரியவை. அவற்றை ஆராய்ந்த பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மிதமான பயிற்சியை இரண்டு மூன்று மாதங்கள் செய்துவந்தால் சோர்வும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்து உடலின் செயல்திறன் கூடும் என்று 2019-இல் அறிவித்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கான சிகிச்சையை முடித்த 889 பேரிடம் நடந்து 2025-இல் வெளியான சோதனையின் முடிவு இன்னும் வலுவானது. மூன்றாண்டுகள் வழிகாட்டுதலுடன் பயிற்சி செய்த குழுவில் 80 சதவீதத்தினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் நோய் திரும்பாமல் வாழ்ந்தனர். நலவாழ்வு குறித்த கையேடுகளை மட்டும் பெற்ற குழுவில் அது 74 சதவீதம்.

எலும்புக்குப் பரவிய நோய், கால் மரத்துப்போதல், இரத்தத் தட்டணுக் குறைவு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். மற்றவர்களிடம் தேவையற்ற அச்சமும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கையில் நிணநீர் வீக்கம் வந்தவர்கள் பாரமே தூக்கக்கூடாது என்று நெடுங்காலம் அறிவுறுத்தப்பட்டனர். முறையான கண்காணிப்பில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கிய பெண்களுக்கு வீக்கம் கூடவில்லை என்றும், அது திடீரென மோசமாவதுகூட அவர்களிடம் குறைந்தது என்றும் 2009-இல் வெளியான சோதனை நிறுவியது.