கறைக்குப் பயந்து வெள்ளை ஒயினுக்கு மாறியவர்களுக்கு

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். "டாக்டர், பல் மஞ்சளாகிவிட்டது, வெளுத்துத் தாருங்கள்" என்று வந்து உட்கார்ந்தார். ஒயின்களைச் சுவைத்துக் குறிப்பெழுதி வைப்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். கறை பிடிக்கிறதே என்று இரண்டு வருடமாகச் சிவப்பு ஒயினைத் தொடுவதில்லையாம், வெள்ளை மட்டும்தானாம். விழுங்காமல் துப்பிவிடுகிறாராம். சுவைத்து முடித்ததும் மறக்காமல் பல் தேய்க்கிறாராம். நல்ல பிள்ளைபோல் எல்லாவற்றையும் ஒப்பித்தார்.

வாயைத் திறக்கச் சொன்னேன். முன்பற்களின் விளிம்பு கண்ணாடிபோல் ஆகியிருந்தது. கடைவாய்ப் பற்களின் மேடுகளில் சின்னச் சின்னக் குழிகள். சொத்தைக்கு வைத்த பழைய அடைப்புகள் மட்டும் தீவுபோல் எழும்பி நின்றன. அடைப்பு வளராது, சுற்றியிருந்த பல்தான் கரைந்திருக்கிறது. எங்கள் தொழிலில் இதைப் பார்த்துவிட்டால், அமிலம் பல்லை அரித்திருக்கிறது என்று தெரிந்துவிடும், மேற்கொண்டு கேள்வியே கேட்க வேண்டியதில்லை.

மஞ்சளுக்கு வருவோம். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றிவிட்டது. அந்த மஞ்சள் கறை இல்லை. பல்லின் மேல்பூச்சான எனாமல் ஓரளவு ஒளி புகும் பொருள். அதன் அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். மேல்பூச்சு மெலிய மெலிய அடிச்சுவர் தெரிகிறது, அவ்வளவுதான். கறையைச் சுத்தம் செய்து எடுத்துவிடலாம். போன எனாமலைக் கொண்டுவர என்னாலும் முடியாது, எந்தப் பற்பசையாலும் முடியாது. அதில் உயிரணுவே கிடையாது, திரும்ப வளராது. கடைவாய்ப் பல்லின் மேட்டில், மிகத் தடித்த இடத்திலேயே, அது சுமார் 2.5 மி.மீ.தான். இந்த நிலையில் பல்லை வெளுத்தால் கூச்சம்தான் கூடும்.

"சர்க்கரையே இல்லாத டிரை ஒயின்தானே டாக்டர்?" என்றார். சொத்தைக்குத்தான் சர்க்கரை வேண்டும். இது அமில அரிப்பு. புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். ஒயின் பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில் நிற்கிறது. பி.எச்.சில் ஒரு எண் குறைந்தால் அமிலம் 10 மடங்கு. வெள்ளை ஒயின்கள் பொதுவாகச் சிவப்பை விடப் புளிப்பு அதிகமானவை. அதாவது, கறைக்குப் பயந்து அமிலத்திடம் போய் மாட்டிக்கொண்டார்.

அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் புரட்டினேன். நானும் எப்போதாவது சுவைப்பவன்தான், அதனால் கொஞ்சம் பொறாமையோடுதான் படித்தேன். நியூசிலாந்தின் மார்ல்பரோ வட்டாரத்து வெள்ளை ஒயினான சோவிஞ்ஞோன் பிளாங்குக்கு "துள்ளும் புத்துணர்ச்சி" என்று எழுதியிருந்தார். ஷாம்பெயினுக்கு "கத்திபோல் கூர்மை". ஜெர்மனியின் மோசல் வட்டாரத்து வெள்ளை ஒயினான ரீஸ்லிங்குக்கு "வாயெல்லாம் நீர் ஊறுகிறது". அழகான வர்ணனைகள், எல்லாமே அமிலத்துக்குச் சூட்டிய செல்லப் பெயர்கள். ரீஸ்லிங் இதில் பெரிய கள்ளன். அதில் மிஞ்சியிருக்கும் இனிப்பு புளிப்பை மறைத்து நாக்கை ஏமாற்றிவிடும். பல் ஏமாறாது. வெண்ணெய் மணம் வரும் ஷார்டொனே என்ற வெள்ளை ஒயின் கொஞ்சம் சாது. மலோலாக்டிக் என்ற இரண்டாவது நொதித்தலில் அதன் மாலிக் அமிலம், அதைவிட மென்மையான லாக்டிக் அமிலமாக மாறியிருக்கும்.

"அப்படியானால் சிவப்புக்கே திரும்பிவிடட்டுமா?" என்று கேட்டார். ஐயா, பரோலோ என்ற இத்தாலியச் சிவப்பு ஒயினைச் சுவைத்ததில்லையா? அது செய்யப்படும் நெபியோலோ திராட்சையில் துவர்ப்பைத் தரும் டானினும் அதிகம், புளிப்பும் அதிகம். டானின் உமிழ்நீரின் புரதங்களைப் பிடித்துக்கொள்வதால்தான் வாய் வறண்டு இழுக்கிறது. (துவர்ப்பு என்று ஒரே சொல்லில் நமக்கு அது விளங்கிவிடும்.) சிவப்பும் அமிலம்தான், கூடவே கறையும் தரும்.

துப்புவதை நான் குறை சொல்லவில்லை, துப்பத்தான் வேண்டும். மது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. வாய்ப் புற்றும் அந்தப் பட்டியலில் உண்டு, அதனால்தான் இப்படிப்பட்டவர்களின் நாக்கடியையும் தூக்கிப் பார்க்கிறேன். ஆனால் துப்புவது கல்லீரலுக்குத்தான் உதவும். பல்லுக்கு விழுங்கினாலும் துப்பினாலும் ஒன்றுதான். காற்றை உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றி, ஒரே அமர்வில் முப்பது நாற்பது ஒயின் என்றால், உமிழ்நீர் அமிலத்தைச் சரிசெய்ய நேரம் எங்கே?

எல்லாவற்றையும்விட மோசம், முடிந்த கையோடு பல் தேய்ப்பது. அமிலத்தில் இளகிய எனாமலை பிரஷ் சுரண்டி எடுத்துவிடும். குறைந்தது ஒரு மணி நேரம் பொறுங்கள். சுவைக்கப் போகுமுன் தேய்ப்பதும் வேண்டாம். பல்மேல் உமிழ்நீர் படியவைத்த மெல்லிய பாதுகாப்புப் படலம் போய்விடும், பற்பசை வாசனை சுவையையும் கெடுக்கும். ஒரு ஒயினுக்கும் அடுத்ததற்கும் நடுவே வெறும் தண்ணீரால் கொப்பளியுங்கள். சோடாத் தண்ணீர் வேண்டாம், அதுவும் அமிலம். வாயில் சில விநாடிகள் வைத்தாலே சுவை தெரிந்துவிடும், நிமிடக்கணக்கில் ஊறப்போடாதீர்கள். கடைசியில் ஒரு துண்டு சீஸ் நல்லது. படுக்கப் போகும் நேரத்தில் "கடைசியாக ஒரு வாய்" கூடவே கூடாது. தூக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும்.

ஒவ்வாமைக்கோ மனச்சோர்வுக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் கெஞ்சியே கேட்கிறேன். அவற்றில் பல வாயை உலர வைக்கும், இந்த அரிப்பு உங்களுக்கு இன்னும் வேகமாக நடக்கும். இரவில் நெஞ்சு கரித்துப் புளியேப்பம் வந்தாலும் சொல்லுங்கள். வரும்போது மருந்துச் சீட்டைக் கொண்டுவாருங்கள், குறிப்பேடு இருந்தால் அதையும். மறைக்க வேண்டாம், நான் அதைத்தான் முதலில் படிப்பேன்.