தீவனத்தில் கலக்கும் ஓமமும் ஈஸ்டும் குடலுக்குள் என்ன செய்கின்றன?

பிராய்லர் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வரும்போது சுமார் 40 கிராம் இருக்கும். ஆறு வாரத்துக்குள் 2 கிலோவைத் தாண்டிவிடும், அதாவது ஐம்பது மடங்கு. அந்த வேகம் அதன் மரபிலேயே இருக்கிறது, அதை யாரும் தீவனத்தில் கலந்து ஊட்ட முடியாது. ஆனால் தின்றதெல்லாம் உடம்பில் ஒட்டுவதில்லை. ஒரு பகுதி செரிக்காமல் வெளியே போகிறது, ஒரு பகுதியைக் குடலில் உள்ள கிருமிகள் தின்றுவிடுகின்றன, இன்னொரு பகுதி அந்தக் கிருமிகளோடு சண்டை போடவே செலவாகிறது. நொதி (என்சைம்), கரிம அமிலம், ஈஸ்ட், ஓமம், பூண்டு என்று எந்தப் பெயரில் வந்தாலும், நல்ல தீவனச் சேர்க்கை செய்வது இந்த இழப்பைக் குறைப்பதுதான்.

இதைப் புரியவைத்ததே ஆண்டிபயாடிக் மருந்துகள்தான். 1940-களின் கடைசியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் வைட்டமின் பி12 கிடைக்கட்டும் என்று ஆரியோமைசின் என்ற ஆண்டிபயாடிக்கின் தயாரிப்பில் மிஞ்சிய கசடைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வைட்டமினை வைத்துப் போட்ட கணக்கைவிடக் குஞ்சுகள் கூடுதலாக வளர்ந்தன, காரணம் கசடில் தங்கியிருந்த ஆண்டிபயாடிக். அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் நோயே இல்லாத கால்நடைகளுக்கும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அது தீவனத்தில் போனது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த குஞ்சுகளுக்கு அதே மருந்தைக் கொடுத்தபோது மட்டும் வளர்ச்சி கூடவில்லை! ஆக, மருந்து வேலை செய்தது குஞ்சிடம் அல்ல, அதன் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம். ஆனால் குறைந்த அளவில் நாள்தோறும் மருந்து போனால், மருந்துக்கு மசியாத கிருமிகள்தான் பிழைத்துப் பெருகும், அவை பண்ணையோடு நிற்பதும் இல்லை. ஸ்வீடன் 1986-இல் இந்தப் பழக்கத்தைத் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் நின்றது. மாற்றுப் பொருட்களைத் தேடும் வேலை அதனால்தான் சூடுபிடித்தது.

இவற்றில் என் கணக்கில் முதலிடம் நொதிகளுக்குத்தான். விளம்பரத்தில் மூலிகை அளவுக்குக் கவர்ச்சி கிடையாது, ஆனால் வேலை நிச்சயம். தானியத்தில் உள்ள பாஸ்பரஸில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற வடிவில் பூட்டிக் கிடக்கிறது. மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் அதைத் திறந்துவிடும். கோழிக்கும் பன்றிக்கும் அந்த வசதி போதாது, அதனால் பாஸ்பரஸ் அப்படியே எச்சத்தில் போய் நிலத்தையும் நீர்நிலையையும் கெடுக்கிறது, நாம் தனியாகத் தாது உப்பு வாங்கிக் கலக்க வேண்டியிருக்கிறது. பூஞ்சையிலிருந்து எடுத்த பைட்டேஸ் நொதி 1991-இல் சந்தைக்கு வந்த பிறகு இந்த நிலைமை வெகுவாக மாறியது. கோதுமையும் பார்லியும் அதிகம் உள்ள தீவனத்துக்கு வேறு நொதிகள் உண்டு. அந்தத் தானியங்களின் நார்ச்சத்து குடலில் பசைபோல் கெட்டியாகி, செரிமான நீர் உள்ளே கலக்க விடாது. எச்சம் ஒட்டும், தரையில் பரப்பிய கூளம் நனையும், கொட்டகையில் அம்மோனியா நாற்றம் எழும். சைலனேஸ், பீட்டா குளூக்கனேஸ் நொதிகள் அந்த நாரை நறுக்கிவிட்டால் பசைத்தன்மை போய்விடும்.

அடுத்தது கரிம அமிலங்கள். தாயிடமிருந்து புதிதாகப் பிரித்த பன்றிக்குட்டியின் இரைப்பையில் போதிய அமிலம் சுரக்காது, அந்தச் சமயத்தில்தான் ஈ.கோலை பெருகிக் கழிச்சல் வரும். ஃபார்மிக், லாக்டிக் போன்ற அமிலங்களைத் தீவனத்தில் சேர்த்தால் இரைப்பையின் புளிப்பு கூடும் என்பது தெரிந்ததுதான், ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. புளிப்பான இடத்தில் இந்த அமில மூலக்கூறு உடையாமல் முழுசாக இருக்கும், முழுசாக இருக்கும்போது அது பாக்டீரியாவின் சவ்வைச் சுலபமாகக் கடந்து உள்ளே போய்விடும். உள்ளே புளிப்பு இல்லை, கிட்டத்தட்ட நடுநிலை. அங்கே போனதும் மூலக்கூறு உடைந்து ஹைட்ரஜன் அயனியை விட்டுவிடுகிறது, பாக்டீரியா அதை வெளியே இறைக்க ஆற்றலைச் செலவழிக்கிறது, இறைக்க இறைக்க அடுத்த மூலக்கூறு உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, கடைசியில் பெருக ஆற்றல் மிஞ்சுவதில்லை. குடலுக்கு நல்லது செய்யும் லாக்டோபேசில்லஸ் பாக்டீரியா மட்டும் தன் உள்ளே கொஞ்சம் புளிப்பேறினாலும் தாங்கிக்கொள்ளும் என்பதால் பெரும்பாலும் தப்பிவிடும்.

நல்ல பாக்டீரியாவையே கொடுப்பது இன்னொரு வழி. 1971-இல் பின்லாந்தின் கோழிப் பண்ணைகளில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி பரவியது. அதையடுத்து நூர்மி, ரண்டலா என்ற இரு ஆய்வாளர்கள், வளர்ந்த கோழியின் குடலில் இருப்பதை எடுத்து அன்று பொரித்த குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்து, முடிவை 1973-இல் வெளியிட்டார்கள். குஞ்சுகளை சால்மோனெல்லா அவ்வளவாகப் பற்றவில்லை. பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை, அதன் குடல் காலியாக இருக்கிறது, முதலில் வந்தவர் உட்கார்ந்துகொள்கிறார்! இன்று புரோபயாடிக் என்று விற்பவற்றில் பேசில்லஸ் வகை அதிகம் இருப்பதற்கு நடைமுறைக் காரணம் உண்டு, அதன் வித்துகள் குச்சித் தீவனம் தயாரிக்கும் சூட்டைத் தாங்கும். ஈஸ்டின் செல்சுவரில் உள்ள மேனன் என்ற சர்க்கரைத் தொடரின் வேலை வேறு. ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் குடல் சுவரில் உள்ள மேனோஸ் சர்க்கரையைப் பிடித்துத்தான் ஒட்டுகின்றன. குடலில் மேனன் மிதந்தால் குடல் சுவருக்குப் பதில் அதைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு போய்விடும்.

மூலிகைகளுக்கு வருவோம். ஓமத்தில் உள்ள தைமால், ஒரிகனோவில் உள்ள கார்வக்ரால் இரண்டும் எண்ணெய்த்தன்மை உள்ளவை. பாக்டீரியாவின் சவ்வும் கொழுப்பால் ஆனது என்பதால் அதற்குள் புகுந்து, சவ்வை ஒழுக வைக்கின்றன. ஆய்வகத் தட்டில் பார்த்தால் அபாரமாக இருக்கும். கோழிக்குள் அவ்வளவு சுலபமில்லை. இந்த எண்ணெய்களில் பெரும்பகுதி குடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கிருமிகள் அதிகமுள்ள கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேர வேண்டுமானால் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்துத்தான் அனுப்ப வேண்டும். அளவு கூடினால் வாசனைக்கே விலங்கு தீவனத்தைக் குறைத்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், ஒரே செடியில்கூட ரகம், மண், அறுவடைக் காலம், உலர்த்திய விதம் எல்லாவற்றையும் பொறுத்து தைமாலின் அளவு மாறும். மூட்டையில் 'மூலிகைப் பொடி' என்று மட்டும் எழுதி, எந்த வேதிப்பொருள் எத்தனை சதவீதம் என்று சொல்லாத எதையும் வாங்க வேண்டாம் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். இயற்கையானது என்பதாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது, தீவனத்தில் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லடாக்ஸின் என்ற நஞ்சுகூட இயற்கையானதுதான்.

மாடு, ஆடுகளில் கதை வேறு. அவற்றின் முதல் வயிறே நுண்ணுயிர்கள் தீவனத்தை நொதிக்க வைக்கும் ஒரு பெரிய கலன், அங்கே உள்ள நுண்ணுயிர்களை ஒழித்தால் மாடு பட்டினிதான், கொஞ்சம் திசை திருப்ப மட்டுமே முடியும். செடிகளில் உள்ள துவர்ப்புப் பொருளான டானின் அளவாக இருந்தால் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு அது முதல் வயிற்றிலேயே சிதையாமல் காக்கும், அதிகமானால் செரிமானத்தையே கெடுக்கும். அஸ்பராகாப்சிஸ் என்ற செம்பாசியில் உள்ள புரோமோஃபார்ம் மீத்தேன் உருவாகும் கடைசிப் படியை அடைக்கிறது, சில சோதனைகளில் மாடு வெளியிடும் மீத்தேன் பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது.

சரி, உங்கள் பண்ணையில் ஒன்று வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சுத்தமான, நெரிசல் இல்லாத கொட்டகையில் குடல் இழப்பே குறைவு, அங்கே எந்தச் சேர்க்கையும் பெரிதாக எதையும் காட்டாது. ஈரக் கூளம், கெட்ட தண்ணீர், பூஞ்சை பிடித்த தீவனம் இருந்தால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள், அதன் பலனை எந்தப் பொடியும் தராது. அதற்கப்புறம் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை இரண்டாகப் பிரித்து, ஒரே தீவனத்தை ஒரு பக்கம் சேர்க்கையோடும் மறுபக்கம் இல்லாமலும் கொடுத்து, ஒரு கிலோ எடை ஏற எத்தனை கிலோ தீவனம் ஆனது, எத்தனை இறந்தன என்று இரண்டையும் எழுதி வையுங்கள். ஒரு தொகுதியோடு முடிவுகட்டாமல், பருவம் மாறியதும் இன்னொரு முறை செய்து பாருங்கள்.