எக்ஸைல்: விலக்கு, விலக்கிடம்

எக்ஸைல்: மாயாஜால அட்டை விளையாட்டுகளில் ஓர் அட்டையைக் களம், கை, கட்டு, இடுகாடு (செத்த, தீர்ந்த அட்டைகள் போகும் குவியல்) எதிலும் சேர்க்காமல் தனியே எடுத்து வைப்பது. அப்படி வைக்கும் இடத்துக்கும் இதே பெயர்தான். தமிழில் செயலுக்கு விலக்கு, இடத்துக்கு விலக்கிடம் என்று சொல்லலாம்.

ஆடுபுலி ஆட்டத்தில் வெட்டுப்பட்ட ஆடு மறுபடி கட்டத்துக்குள் வராது. கபடியில் வெளியே போனவர், எதிரணியில் ஒருவர் அவுட் ஆனால் உள்ளே வந்துவிடுவார். மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்தில் இடுகாடு கபடி மாதிரி. செத்த உயிரினத்தை எழுப்பிக் கொண்டுவர எத்தனையோ அட்டைகள் உண்டு. அந்த வழியை அடைக்கத்தான் 1993இல், முதல் தொகுப்பிலேயே, ஸ்வார்ட்ஸ் டு ப்ளோஷேர்ஸ் என்ற அட்டை வந்தது. ஒரே ஒரு வெள்ளை மானாவுக்கு (மானா: அட்டையை ஆடக் கொடுக்கும் மந்திர சக்தி) எந்த உயிரினத்தையும் தூக்கிவிடும். அதை வைத்திருந்தவருக்கு ஈடாக, அதன் வலிமை அளவுக்கு உயிர்ப்புள்ளி கூடும். அன்று அட்டையில் இருந்த வாசகத்தின் கருத்து ‘ஆட்டத்திலிருந்தே நீக்கம்’. ஆடுபுலிக் கணக்கு.

பிறகு வந்த அட்டைகள் அந்தக் கணக்கைக் குலைத்தன. நீக்கிய அட்டையைச் சில சுற்று கழித்துத் திருப்பித் தருபவை, நீக்கி வைத்த இடத்திலிருந்தே ஆடவிடுபவை என்று பெருகின. ஆட்டத்தில் இல்லாத அட்டை ஆட்டத்துக்குள் வந்துபோய்க்கொண்டிருந்தது! 2009 ஜூலையில், மேஜிக் 2010 தொகுப்போடு வந்த விதித்திருத்தத்தில் எக்ஸைல் என்ற பெயர் நிலைத்தது. யூ-கி-ஓ என்ற இன்னொரு அட்டை ஆட்டமும் 2011இல் தன் பழைய வாசகத்தை விட்டு ‘பேனிஷ்’ என்ற சொல்லுக்கு மாறியது. போகிமான் அட்டை ஆட்டத்தின் லாஸ்ட் ஸோன் மட்டும் பழைய கண்டிப்போடு இருக்கிறது. அங்கே போனது போனதுதான்.

பெயர் மாறியதும் ஆட்டமும் மாறியது. 2002இல் வந்த பர்னிங் விஷ், ஆட்டத்துக்கு வெளியே இருக்கும் உங்கள் சார்சரி (மந்திர வகை) அட்டை ஒன்றைக் கைக்குக் கொண்டுவரும். பழைய விதியில் நீக்கிய அட்டையும் ‘வெளியே’ என்ற கணக்கில் வந்ததால் அதையும் எடுக்கலாம். 2009க்குப் பின் முடியாது. விலக்கிடம் ஆட்டத்துக்கு உள்ளேதான் இருக்கிறது.

ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியே லத்தீன் எக்ஸிலியத்திலிருந்து வந்தது. பொருள் நாட்டை விட்டு நீக்கம். பேனிஷ் வேறு குடும்பம். அதன் பழைய ஜெர்மானிய வேருக்கு ‘பலரறிய அறிவித்தல்’ என்று பொருள், நம் ஊர்த் தண்டோரா போல. இரண்டிலும் ஆள் சாகவில்லை, ஊரில் இல்லை, அவ்வளவுதான். விதியும் அதையே பிடித்துக்கொள்கிறது. விலக்குவது அழிப்பதாகாது, எனவே ‘அழிக்க முடியாத’ உயிரினத்தையும் விலக்கலாம். ‘இது இறந்தால்’ என்று தொடங்கும் திறன் வேலை செய்யாது. டோக்கனை (அட்டைக்குப் பதிலாகக் களத்தில் நிற்கும் அடையாளம்) விலக்கினால் அது இல்லாமலே போய்விடும், திரும்பாது. விலகிக் களத்துக்குத் திரும்பும் அட்டை புது அட்டையாகவே கணக்கு. அதன் மேலிருந்த கவுன்டர்கள் (குறிக்காய்கள்) போயிருக்கும்.

தமிழில் நாடுகடத்தல் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் நீதிமன்ற வாடை அடிக்கிறது, அட்டையின் சிறு கட்டத்துக்கு நீளமும் அதிகம். ஒசூர்ப் பக்கம் காதில் விழும் கன்னடத்தில் கடிபாரு, தெலுங்கில் வெலி. பின்னது நம் ‘வெளி’யின் உறவு. வெளியேற்றம் என்று எழுதினாலோ, 2009இல் தீர்த்த குழப்பம் தமிழில் மறுபடி முளைக்கும். தள்ளிவைப்பு அழகான சொல்: ஊரை விட்டுத் தள்ளிவைத்தவரைத் தண்டம் கட்டினால் சேர்த்துக்கொள்வார்களே, அந்தப் பொருள் அப்படியே பொருந்துகிறது. கையிலிருந்து அட்டையைத் தள்ளுவதோடு குழம்பும் என்பதால்தான் விட வேண்டியிருக்கிறது. விலக்கு குட்டிச் சொல், வினையாகவும் நிற்கும்: ‘அந்த உயிரினத்தை விலக்கு’. கூடவே ஒன்று: கிரேவ்யார்டைச் சுடுகாடு என்று எழுதாதீர்கள். சாம்பலிலிருந்து எதை எழுப்புவது? இடுகாடுதான் சரி.

மேசையில் அதிகம் தகராறு வருவது ஆப்லிவியன் ரிங் வகை அட்டையால். அதில் இரண்டு தனித் திறன்கள்: களத்துக்கு வந்தால் ஒன்றை விலக்கும், களத்தை விட்டுப் போனால் அதைத் திருப்பித் தரும். முதல் திறன் இன்னும் அடுக்கில் (கடைசியாக வந்தது முதலில் நடக்கும் வரிசை) காத்திருக்கும்போதே ரிங்கை யாராவது உடைத்தால், பின்னால் வந்த ‘திருப்பித் தரும்’ திறன் முன்னால் நடக்கும். திருப்ப எதுவும் இருக்காது. அடுத்து முதல் திறன் நடந்து எதிராளியின் அட்டை விலகும். அதை அழைத்துவர இனி ஆளில்லை. 2014இல் வந்த பேனிஷிங் லைட் ‘இது களத்தை விட்டுப் போகும் வரை’ என்ற ஒரே வாக்கியத்தில் இதை அடைத்தது. அது முன்கூட்டியே போய்விட்டால் எதுவும் விலகாது. மொழிபெயர்ப்பில் அந்த ‘வரை’யை விட்டுவிட்டால் விதியே மாறிவிடும்.

விலக்கிய அட்டைகளை இடுகாட்டுக் குவியலோடு சேர்க்க வேண்டாம். பொதுவாக முகம் மேலே தெரிய வேண்டும். எந்த அட்டை விலக்கியதோ அதன் அடியில் பாதி தெரியச் செருகி வைத்தால், எது எதற்குத் திரும்பும் என்ற சண்டை வராது.

கவிழ்த்து விலக்குவதும் உண்டு. ஃபோர்டெல் திறனுள்ள அட்டையை உங்கள் முறையில் இரண்டு மானா கட்டிக் கவிழ்த்து விலக்கலாம்; பின்னொரு முறையில் அதற்கான விலையைக் கொடுத்து ஆடலாம். மழை வேண்டி விராட பருவக் கூத்து வைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் இதற்கு விளக்கமே வேண்டாம், அஞ்ஞாதவாசம் என்றால் போதும். தமிழில் கரந்துறை. உரியவர் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். ஆட்டம் முடிந்ததும் அதைத் திருப்பிக் காட்டியாக வேண்டும். காட்டாமல் கட்டில் சேர்த்துக் குலுக்கினால், அது உண்மையிலேயே ஃபோர்டெல் அட்டைதானா என்று எதிராளி கேட்பது நியாயம்.