ஃபிலிபஸ்டர்: தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க செனட் பற்றிய செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் சொல் ‘ஃபிலிபஸ்டர்’. ஒரு மசோதா ஓட்டெடுப்புக்கே வரக்கூடாது என்று நினைக்கும் உறுப்பினர், எழுந்து நின்று பேச ஆரம்பிப்பார். நிறுத்தவே மாட்டார். செனட்டில் பேச்சுக்கு நேர வரம்பு கிடையாது என்பதால், அவர் உட்காரும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்.

சொல்லின் பூர்வீகம் கடற்கொள்ளை. டச்சு மொழியில் ‘வ்ரைபாய்டர்’ என்றால் கட்டுப்பாடில்லாமல் கொள்ளையடிப்பவன். அது ஸ்பானிய மொழியில் ‘ஃபிலிபுஸ்தேரோ’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. 1850-களில் சொந்தமாகப் படை திரட்டிக்கொண்டு லத்தீன் அமெரிக்க நாடுகளைப் பிடிக்கக் கிளம்பிய அமெரிக்கர்களை இப்படி அழைத்தார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் வாக்கர் 1856-இல் நிகரகுவாவின் அதிபராகவே உட்கார்ந்துவிட்டார். 1860-இல் ஹோண்டுராஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்புறம், சபையின் நேரத்தைக் கொள்ளையடிப்பவர்களுக்கும் அந்த வசைப்பெயர் ஒட்டிக்கொண்டது.

இந்தச் சொல்லை விளக்க ஸ்ட்ராம் தர்மண்டை விட்டால் ஆளில்லை. (பெயரில் ‘தர்ம’ இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.) 1902-இல் தென் கரோலினாவின் எட்ஜ்ஃபீல்டில் பிறந்தவர். ஆசிரியர், நீதிபதி, ஆளுநர் என்று வளர்ந்து, 1948-இல் நிறப் பிரிவினையைக் காக்கவே அதிபர் தேர்தலில் நின்று நான்கு மாநிலங்களை வென்றார். 1954-இல் வாக்குச்சீட்டில் பெயர் அச்சாகாமலே, வாக்காளர்கள் கையால் எழுதிப் போட்டு ஜெயித்து செனட்டுக்குப் போனார்.

1957 ஆகஸ்ட் 28. கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் மசோதா சபையில் இருந்தது. தென் மாநில செனட்டர்கள், இதை இழுத்தடிப்பதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்திருந்தார்கள். தர்மண்ட் கேட்கவில்லை. நீராவிக் குளியல் எடுத்து, உடம்பில் இருந்த தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்றிக்கொண்டு வந்தார். கழிப்பறைக்குப் போனால் பேசும் முறை பறிபோய்விடுமே! அவசரத்துக்கு உதவ, சபையை ஒட்டிய அறையில் உதவியாளர் ஒருவர் வாளியோடு காத்திருந்தாராம். இரவு 8:54-க்குத் தொடங்கினார். அன்றைக்கு இருந்த 48 மாநிலங்களின் தேர்தல் சட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். சுதந்திரப் பிரகடனத்தைப் படித்தார். மறுநாள் இரவு 9:12-க்கு முடித்தபோது 24 மணி 18 நிமிடம் ஆகியிருந்தது. சுமார் இரண்டு மணி நேரத்தில் மசோதா 60-15 என்று நிறைவேறியது. அவ்வளவு பேசி ஒரு ஓட்டைக்கூட மாற்றவில்லை.

1964-இல் குடியரசுக் கட்சிக்குத் தாவிய அவர், நூறு வயதைக் கடந்து 2003 ஜனவரியில்தான் செனட்டை விட்டு விலகினார். அதே ஆண்டு ஜூனில் இறந்தார். வீட்டில் வேலை செய்த கறுப்பினப் பெண்ணிடம் அவருக்குப் பிறந்த மகள் பற்றிய உண்மை, டிசம்பரில் வெளியே வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘இழுத்தடிப்பு’ உடனே வாயில் வரும். ஆனால் கோர்ட் வழக்கு, ஆபீஸ் ஃபைல், வராத கடன் பாக்கி எல்லாமே நமக்கு இழுத்தடிப்புதான். ‘பேச்சுத்தடை’ என்று சேர்த்தால் பேசுவதற்கே தடை போட்டது போல, பொருள் தலைகீழாகிவிடும். எச்சமாகப் பிரித்தால் குழப்பம் தீரும்: பேசித் தடுத்தல். ‘தர்மண்ட் 24 மணி நேரம் பேசித் தடுத்தார்’ என்று வினையாகவும் இயல்பாக நிற்கிறது.

2025-இல் கறுப்பின செனட்டர் கோரி புக்கர் 25 மணி நேரத்துக்கும் மேல் பேசி தர்மண்டின் சாதனையை முறியடித்தபோது, பல செய்திகள் அதையும் ஃபிலிபஸ்டர் என்றன. அவர் எந்த மசோதாவையும் மறிக்கவில்லை. அது நீண்ட உரை, அவ்வளவுதான்.

இன்னொரு சிக்கல் உண்டு. 1970-களிலிருந்து யாரும் நின்று பேச வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. எதிர்ப்பைத் தெரிவித்தாலே போதும். விவாதத்தை முடிக்க 100 பேரில் 60 பேரின் ஆதரவு தேவை; அது கிடைக்காவிட்டால் மசோதா நின்றுவிடும். அங்கே ‘பேசி’ ஒட்டாது. ‘ஓட்டெடுப்பு முடக்கம்’ என்று எழுதலாம்.