ஆளை நிறுத்தினீர்கள் சரி, கடைக்காரரிடம் சொன்னீர்களா?

“அவனை நான் மார்ச்சிலேயே நிறுத்திட்டேனே லாயர். அதுக்கப்புறம் அவன் வாங்கின சாமானுக்கு நான் ஏன் காசு கட்டணும்?”

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடைவீட்டு மாடியில் இருக்கும் என் அலுவலகத்துக்கு மாதம் ஒருவராவது இப்படி ஒரு கேள்வியோடு ஏறி வருகிறார். இவர் சிறு குத்தகைக்காரர். சுற்று வட்டாரத் தாமான் குடியிருப்புகளில் வீட்டுக்குப் பின்னால் சமையலறை இழுத்துக் கட்டுவது, கூரை மாற்றுவது போன்ற வேலைகளை எடுத்துச் செய்கிறார். சிமெண்டு, கம்பி, தகரம் எல்லாம் டவுன் ஹார்ட்வேர் கடையில் கடனுக்குத்தான். போய் எடுத்து வருவது அக்கா மகன். தவுக்கே, அதாவது கடை முதலாளி, 555 என்ற சிறு கடன் புத்தகத்தில் எழுதுவார், மாதக் கடைசியில் இவர் போய் மறுபேச்சில்லாமல் கட்டுவார். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

மார்ச்சில் மாமனுக்கும் மருமகனுக்கும் சண்டை. பையனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஆனால் கடைக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. பையன் வழக்கம்போல லோரியோடு போய், மாமன் கணக்கிலேயே எழுதச் சொல்லி, தான் தனியாகப் பிடித்த வேலைக்குச் சாமான் எடுத்திருக்கிறான். ஐந்து வாரத்தில் கணக்கு எட்டாயிரம் வெள்ளியைத் தாண்டிவிட்டது.

“நான் அவனுக்கு லெட்டர் ஒண்ணும் கொடுக்கலையே” என்றார். லெட்டர் தேவையில்லை. உங்கள் சார்பில் மற்றவர்களிடம் கொடுக்கல் வாங்கல் செய்பவர் சட்டத்தின் கண்ணில் உங்கள் முகவர். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் முகவருக்கான அதிகாரத்தை எழுத்தாலும் கொடுக்கலாம், வாயாலும் கொடுக்கலாம், நடந்துகொள்ளும் விதத்தாலேயே கொடுத்ததாகவும் ஆகலாம் என்கிறது. “சம்பளம்னு ஒண்ணும் கொடுத்ததில்லையே, செலவுக்குத்தானே கொடுப்பேன்” என்றார். அதுவும் உதவாது. சம்பளமோ கமிஷனோ இல்லாமலும் ஒருவர் உங்கள் முகவர் ஆகலாம் என்று 138ஆவது பிரிவு சொல்கிறது. வீட்டுப் பிள்ளைகளை வைத்துத் தொழில் நடத்தும் நம் ஆட்கள் கவனிக்காமல் விடும் பிரிவு இதுதான்.

மிச்சம் இருந்தது “நிறுத்திட்டேன்” என்ற வாதம். நிறுத்தியது உண்மை. ஆனால் 161ஆவது பிரிவின்படி, முகவரின் அதிகாரம் முடிந்த செய்தி வெளியாளுக்கு எப்போது தெரிகிறதோ அப்போதுதான் அவரைப் பொறுத்தவரை அது முடிகிறது. தவுக்கேவுக்கு அது மே மாதம்தான் தெரிந்தது. இவரும் பையனும் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கண்ட காட்சி ஒன்றுதான்: இந்தப் பையன் எடுப்பான், இவர் கட்டுவார். அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பது 190ஆவது பிரிவு. 1964இல் நம் நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் வரை போன சான் யின் தீ வழக்கிலும் இதே மாதிரிதான். வயது நிரம்பாத ஒருவரைத் தன் தொழில் பங்காளி என்று சப்ளையர் நிறுவனத்தின் பிரதிநிதி முன் காட்டிக்கொண்டவர், அந்தப் பங்காளி வாங்கிய சரக்குக்குப் பொறுப்பானார்.

இவர் இன்னொரு காரியமும் செய்திருந்தார். ஏப்ரல் பில்லில் பையனின் சொந்த வேலைச் சாமானும் கலந்திருந்தது தெரிந்தும், அக்கா முகத்துக்காகக் கட்டிவிட்டார். அனுமதியில்லாமல் செய்ததைத் தெரிந்தே பிறகு ஏற்றுக்கொண்டால், அது முதலிலிருந்தே அனுமதித்ததற்குச் சமம். கட்டும் முன்பே என்னிடம் வந்திருக்கலாம்.

கடைசியில் தவுக்கேவிடம் பேசி நான்கு தவணையாகக் கட்டினார். பையன் மேல் வழக்குப் போடச் சட்டம் இடம் கொடுக்கிறது. அக்கா இடம் கொடுக்கவில்லை.

ஆக, ஒருவரை நிறுத்தும் அன்றே அவர் உங்கள் பெயரில் போய்வரும் ஒவ்வொரு கடைக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள். “இன்று முதல் இன்னார் என் கணக்கில் எடுக்கக் கூடாது” என்றிருந்தால் போதும். கடைக்காரர் ‘ஓகே’ போட்டதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி சாப்பு (முத்திரை), பில் புத்தகம் எதுவும் அவர் கையில் இருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முகவருக்கு உங்கள் மீது கடமைகள் இருக்கின்றன: சொன்னபடி நடக்க வேண்டும், கணக்குக் காட்ட வேண்டும், உங்களுக்குத் தெரியாமல் தனக்கென்று லாபம் பார்க்கக் கூடாது. நிலப் புரோக்கர்களிடம் அடிபடுவது கடைசியில் சொன்னதுதான். செம்பனை (எண்ணெய்ப் பனை) நிலம் வாங்கித் தரச் சொன்னால், “அது விற்பனைக்கு இல்லை” என்று உங்களிடம் சொல்லிவிட்டுத் தானே வாங்கிப் போடுபவரும் உண்டு. அவர் என்ன விலைக்கு வாங்கினாரோ அதே விலைக்கு உங்களுக்குத் தரும்படி கேட்கச் சட்டம் உரிமை தருகிறது. அந்தக் காலக் கங்காணியும் ஊரில் ஆள் பிடிக்கும்போது தோட்டத்தின் முகவர்தானே. துரையிடம் தலைக்காசு வாங்கிக்கொண்டு, லயத்து ஆட்களிடம் நான் உங்கள் ஆள் என்றும் சொல்லிக்கொண்டார். ரத்தத்தில் ஊறிய பழக்கம் போல!

போன வாரம் ஒருவர் அப்பா எழுதிக் கொடுத்த பவர் ஆஃப் அட்டர்னி, அதாவது தன் சார்பில் செயல்பட அதிகாரம் தரும் பத்திரத்தோடு வந்தார். உயர்நீதிமன்றத்தில் பதிவும் ஆகியிருந்தது. நிலத்தை விற்க வேண்டும் என்றார். அப்பா எங்கே என்று கேட்டேன். பிப்ரவரியில் தவறிவிட்டாராம். விலை வாங்கிக்கொண்டு, ரத்து செய்ய முடியாதபடி எழுதிய பத்திரம் என்றால் அது வேறு கதை. இது அப்படியில்லை. எழுதிக் கொடுத்தவர் கண்ணை மூடிய அன்றே இந்தப் பத்திரமும் முடிந்துவிட்டது. “சாப்பெல்லாம் குத்தியிருக்கே லாயர்” என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். மரணச் சான்றிதழையும் நிலப் பட்டாவையும் எடுத்துக்கொண்டு, தம்பி தங்கைகளையும் கூட்டி வரச் சொல்லி அனுப்பினேன்.