கற்திட்டையில் முளைத்த இச்சி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ரோட்டில் போய் உள்ளே திரும்பினால் மல்லச்சந்திரம். அங்கே பாறைக்குன்றின் மேல் இரும்புக் காலத்துக் கற்திட்டைகள் கூட்டமாக நிற்கின்றன. நாலு பக்கமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். பலவற்றில் ஒரு பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. பாண்டவர் வீடு என்று சொல்வார்கள். வீடு இல்லை, இடுகாடு. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மரம் காட்ட நான் இந்த இடத்தைப் பிடித்ததற்கு அதுவே காரணம். செத்தவர்களுக்கு விட்ட நிலத்தில் யாரும் ஏர் பூட்டுவதில்லை, கோடாலியும் அவ்வளவு சீக்கிரம் வராது.

ஏறும் வழியில் முதலில் சதுரக்கள்ளி. சங்கப் பாடல்களில் சுடுகாடு வந்தால் கள்ளியும் கூடவே வரும். இதற்குப் பேய்க்கதை தேவையில்லை. கள்ளி தன் தண்டிலுள்ள நுண்துளைகளைப் பகலில் மூடிவைத்து, ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை இழுத்து அமிலமாகச் சேமிக்கும். விடிந்ததும் துளையைச் சாத்திக்கொண்டு வெயிலில் சமையல். தண்ணீர் வீணாகாது. கீறினால் வரும் பால் காரம், ஆடு வாய் வைக்காது. ஒரு சாண் மண்கூட இல்லாத, கேட்பாரற்ற இடத்தில் அது மிஞ்சுகிறது, அவ்வளவுதான். உசிலையும் வேம்பையும் பிள்ளைகளுக்கே தெரியும். நான் நின்றது ஒரு திட்டையின் மூடுகல்லில் முளைத்திருந்த, ஆல் அரசு இனத்துக் கல்லிச்சியின் முன்னால்.

முழங்கால் உயரம்தான். ஆனால் வேர் மூடுகல்லின் விரிசலில் இறங்கி, பக்கக் கல்லின் உள்முகத்தில் வழிந்து, தரைக்குப் போயிருந்தது. விதைத்தது குருவி. இச்சிப் பழம் என்றால் கொண்டைக்குருவிக்கும் மைனாவுக்கும் உயிர். ஒரு பழத்துக்குள் கடுகைவிடச் சின்ன விதைகள் ஏராளம். எச்சத்தோடு கல்மேல் விழுவதில் பெரும்பாலானவை காய்ந்துபோகும். எங்கோ ஒன்று, தூசி படிந்த இடுக்கில் மழை ஈரத்தோடு மாட்டிக்கொள்ளும்.

“சார், கல்ல உடைக்கிற அளவுக்கு வேருக்குப் பலம் இருக்கா?” என்று ஒரு பையன் கேட்டான்.

இல்லை. பலரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் இடம் இது. வேரின் செல்லுக்குள் உப்பும் சர்க்கரையும் செறிவாக இருப்பதால் வெளியிலிருக்கும் தண்ணீர் உள்ளே புகுந்து செல்லை உப்ப வைக்கிறது. அந்த உப்பல்தான் வேரின் தசைபலம். அளந்து பார்த்தால் அதிகபட்சம் சதுர சென்டிமீட்டருக்குப் பத்து கிலோவை ஒட்டி வரும். நம் பைக் டயரில் அடிக்கும் காற்றைப்போல நாலைந்து மடங்கு. இந்தப் பக்கத்துக் கருங்கல்லை நொறுக்கவோ சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல் வேண்டும். நேருக்கு நேர் நின்றால் வேர் தோற்றுவிடும்.

அதனால் அது நேருக்கு நேர் நிற்பதில்லை. கல்லில் ஏற்கெனவே இருக்கும் மயிரிழை விரிசலில் மயிரிழையாக நுழைகிறது. பிறகு ஒவ்வொரு பருவமும் ஒரு சுற்றுப் பருக்கிறது. கல் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. விரிசலின் இரு கரையையும் விலக்கித் தள்ளும்போது முனையில் விழுவது இழுவைதான். கல்குவாரியில் துளை போட்டு ஆப்பு இறக்குகிறவர் செய்வதும் இதுவே. அவர் ஒரு மணி நேரத்தில் முடிப்பதை இச்சி முப்பது வருஷத்தில் முடிக்கும். பகலில் மரம் தண்ணீரை இழந்து லேசாகச் சுருங்கும். அந்த இடைவெளியில் மண்துகள் விழும். ராத்திரி மறுபடி உப்பும்போது பழைய இடத்துக்குப் போக வழியில்லை, விரிசல்தான் விலக வேண்டும். காற்றில் மரம் ஆடும் ஆட்டமும் கல்லுக்குப் போகிறது. போதாக்குறைக்கு வேர் மூச்சுவிடும் கரியமில வாயு ஈரத்தோடு சேர்ந்து மெல்லிய அமிலமாகி, கருங்கல்லிலுள்ள பெல்ஸ்பார் தாதுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களிமண்ணாக்குகிறது. அதிலிருந்து வெளிவரும் பொட்டாசியம் மரத்துக்கே உணவு. வீட்டை இடித்து அதிலேயே சோறு.

ஒரு பெண் செடியைப் பிடித்து இழுக்கப் போனாள். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் அங்கிருந்தே கத்தினார்: “பாப்பா, இழுக்காத, வேரோட கல்லும் வந்துரும்!” அவர் சொன்னது சரி. முளைவிட்ட வருஷமே கிள்ளினால் சரி. வேர் பருத்த பிறகு கல்லை விலக்கியதும் அதுதான், பிடித்து நிறுத்தியிருப்பதும் அதுதான். கம்போடியாவின் தா புரோம் கோயிலில் சுவரைக் கவ்விய பெரிய மரங்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள், அழகுக்காக மட்டுமல்ல.

இதே வேர் இன்னொரு வம்பும் செய்யும். இங்கிருந்து தள்ளி, பர்கூர் பக்கம் தொகரப்பள்ளி அருகே மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்தக் கணக்குக்கு உதவியது இரும்பு இல்லை, கரித்துண்டு. கரி என்றால் மரம்.

காற்றிலுள்ள கார்பனில் லட்சம் கோடி அணுவுக்கு ஒன்று என்ற அளவில் கார்பன்-14 என்ற, தானாகவே சிதைந்து குறையும் வகை உண்டு. மரம் அதையும் சேர்த்தே விழுங்கிக் கட்டையாக்குகிறது. அந்தக் கட்டை காற்றோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தியதும் வரவு நின்று செலவு மட்டும் நடக்கும்: 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். 4,200 ஆண்டுப் பழைய கரியில் ஏறக்குறைய 60 சதவீதம் மிச்சம் இருக்கும். இப்போதைய கருவிகளுக்குக் கடுகளவு கரி போதும், அணுக்களையே எண்ணிவிடும். காற்றிலிருந்த அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றல்ல என்பதால், வருஷ வளையம் எண்ணிய பழைய மரக்கட்டைகளோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். அதிலும் மரம்தான் சாட்சி.

இப்போது மேலே நிற்கும் இச்சியின் மயிர்வேர் கீழே போய் அந்தக் கரிக்குள் புகுந்தால்? பத்தில் ஒரு பங்கு இன்றைய வேர் கலந்தால் போதும், 4,200 ஆண்டுக் கரி சுமார் 500 ஆண்டு இளையதாகத் தெரியும். அதனால்தான் ஆய்வகத்தில் முதல் வேலை லென்ஸை வைத்துக்கொண்டு இடுக்கியால் வேரைப் பொறுக்குவது. அப்புறம் அமிலம், காரம், மறுபடி அமிலம் என்று அலசுவார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒருவன் திட்டைக்குள் குனிந்து கரித்துண்டு ஒன்றை எடுத்துவந்தான். யாரோ போன வாரம் கோழி சுட்டிருக்கிறார்கள், பக்கத்திலேயே எலும்பும் மசாலா பாக்கெட்டும். “இத அனுப்பிப் பாக்கலாமா சார்?”

அனுப்பலாம். ஆனால் கோழி சுட்ட தேதி வராது என்றேன். மரத்தின் நடுவயிரம் எந்த வருஷம் உருவானதோ அந்த வருஷத்தோடு அதன் கணக்கு முடிந்துவிடும், மேலே நூறு வளையம் ஏறியிருந்தாலும். நூறு வருஷப் புளியின் வயிரத்தில் இன்று கோழி சுட்டால் கரி நூறு வருஷப் பழசு என்றே சொல்லும். 1960-களில் போட்ட வளையமாக இருந்தால் இன்னும் வேடிக்கை: அணுகுண்டுச் சோதனைகளால் அப்போது காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டிப்பானது, கரியில் அது தனியாகத் தெரியும்.

அவன் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஓரத்துல பட்டை இருக்கு சார்.”

பட்டையை ஒட்டிய வளையம் என்றால் மரம் கடைசியாகப் போட்டது. விறகை வெட்டிய காலத்தைத்தான் அது சொல்லும். அகழாய்வுக் குழியில் ஆட்கள் தேடுவதும் அப்படிப்பட்ட துண்டைத்தான், கிடைக்காவிட்டால் சுள்ளியை, விதையை. காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். பாக்கெட்டையும் எலும்பையும் மற்றவர்கள் பொறுக்கினார்கள்.