சும்மா கிடந்த செஷன்

பெங்களூரு மாரத்தஹள்ளியில் எங்கள் அலுவலகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம், சேலம் பஸ்ஸுக்குப் பையைத் தூக்கிய டீம் தம்பி திரும்பி வந்தான். “அண்ணா, டேட்டாபேஸ்ல ஆர்டர் டேபிள்ல எது போட்டாலும் தொங்குது. ஆனா சிபியு சும்மா கிடக்கு.”

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) மோசம் என்றால் சிபியுவோ டிஸ்க்கோ திணறும். எல்லாம் ஓய்ந்திருக்க, ஆப் மட்டும் நிற்கிறதென்றால் லாக்கைத்தான், அதாவது டேபிளில் ஒருவர் போட்டு வைத்திருக்கும் பூட்டைத்தான், முதலில் சந்தேகப்படுவேன்.

தம்பி அதற்குள் தொங்கிய செலக்ட்டுகளை (டேட்டாவைப் படிக்கும் குவெரிகளை) ஒவ்வொன்றாகக் கில் பண்ணியிருந்தான். ஒன்று போனால் இரண்டு வந்தன.

எங்களுடையது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். செஷன்களை (டேட்டாபேஸுக்கான இணைப்புகளை) பட்டியலிடும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் வெயிட்_ஈவன்ட்_டைப் ‘லாக்’ என்றிருந்தவற்றின் பிஐடியை (செஷனின் எண்ணை), யார் மறிக்கிறார்கள் என்று சொல்லும் பிஜி_பிளாக்கிங்_பிட்ஸ் ஃபங்ஷனில் கொடுத்தோம். (9.6 பதிப்பில் வந்த வரம் இது. அதற்கு முன் லாக் பட்டியலான பிஜி_லாக்ஸை ஜாயின் பண்ணியே கண் வலிக்கும்.) செலக்ட்டுகள் எல்லாம் ஒரு ஆல்டர் டேபிளை (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளையை) கைகாட்டின. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆல்டரும் காத்துக்கொண்டுதான் இருந்தது. அதன் பிஐடியையும் கொடுத்தால், ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ நிலையில், அதாவது டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு முடிக்காமல் சும்மா கிடக்கும் ஒரு செஷன். யூசர் யார் என்று பார்த்தால், நான்! ஒவ்வொரு குவெரியோடும் டிரான்சாக்‌ஷனைத் தானாக முடித்து வைக்கும் ஆட்டோ கமிட் இல்லாத டூலில் ஒரு செலக்ட் போட்டுவிட்டு, அப்படியே மீட்டிங்குக்குப் போயிருக்கிறேன்.

வெறும் செலக்ட் என்ன செய்துவிடும்? அது எடுக்கும் ‘ஆக்சஸ் ஷேர்’ லாக் லேசானதுதான், ஆனால் டிரான்சாக்‌ஷன் முடியும்வரை விடாது. எங்கள் ஆல்டர் கேட்டது, வேறு எந்த லாக்கோடும் ஒத்துப்போகாத ‘ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ்’. அது வரிசையில் நின்றதும், பின்னால் வந்த சாதாரண செலக்ட்டுகளும் அதைத் தாண்ட முடியவில்லை. டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று மாறி மாறிக் காத்து நிற்பது) என்றால் டேட்டாபேஸே கண்டுபிடித்து ஒன்றை வெட்டிவிடும். இது அப்படியில்லை, டைம்அவுட் வைக்காவிட்டால் நின்றுகொண்டே இருக்கும்.

என் செஷனுக்கு, ஓடும் குவெரியை நிறுத்தும் பிஜி_கேன்சல்_பேக்கெண்டைத் தம்பி அடித்தான், அசையவில்லை. ஓடாத குவெரியை எப்படி நிறுத்துவது? பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியின் குவெரி காலத்தில் (column) தெரிந்தது கடைசியாக ஓடி முடிந்த குவெரி. செஷனையே துண்டிக்கும் பிஜி_டெர்மினேட்_பேக்கெண்ட் அடித்ததும்தான் எல்லாம் சரசரவென்று நகர்ந்தது.

இப்போது ஆல்டருக்கு முன் லாக்_டைம்அவுட் 3 வினாடி வைக்கிறோம். லாக் கிடைக்காவிட்டால் ஆல்டர் தோற்கட்டும், அப்புறம் மறுபடி ஓட்டலாம். ஐடில்_இன்_டிரான்சாக்‌ஷன்_செஷன்_டைம்அவுட் இயல்பாகவே 0, அதாவது அணைந்து கிடக்கும். அதை 5 நிமிடமாக்கினோம். என் டூலில் ஆட்டோ கமிட்டையும் ஆன் பண்ணச் சொல்லி, தம்பி பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குக் கிளம்பினான்.